தம்பியைத் தூக்கியது யார்?

என் வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மார்கழியில் மயிலாப்பூர் குளிரும் என்று அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நமக்குத் தெரியும். விடிகாலையில் குழாயடியில் பித்தளைக் குடத்தைத் தொட்டால் கை சுரீர் என்று இழுத்துக்கொள்ளும். கோயிலைச் சுற்றிப் பஜனை பாடிக்கொண்டு போகிறவர்கள் தலையில் மப்ளர் கட்டியிருப்பார்கள். அந்தக் குளிர் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

நான் யார் என்று கேட்பவர்களுக்கு: தி.நகர் நடைபாதையில் ஒரு பழைய தையல் மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள். இன்றைக்கு அதே தெருவில் மூன்று மாடி. குழந்தைத் துணி மட்டும்தான் விற்கிறேன், பிறந்த குழந்தையிலிருந்து ஐந்து வயசு வரைக்கும். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளையாவது என் கடைச் சட்டையைப் போட்டு அழுதிருக்கும். படிப்பு நாலாங்கிளாஸ், அதுவும் அரைப் பரீட்சை வரைக்கும்தான். என்னிடம் வேலை பார்க்கிற பெண்களில் பாதிப் பேர் காலேஜ் முடித்தவர்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் கடையில் எந்தச் சாமானை வேண்டுமானாலும் எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரு நூல் பிசிறு இருக்காது. வெளியில் தையல் கொஞ்சம் கோணினால் மன்னித்துவிடுவேன். உள்ளே பிசிறு இருந்தால் அன்றைக்குக் கடை அதிரும். 'அம்மாவுக்கு இது ஒரு பைத்தியம்' என்று பெண்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். காது எனக்கு நன்றாகவே கேட்கிறது.

அந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை. இந்த அரைப் பரீட்சை லீவில் எங்கள் அபிராமபுரம் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. என் கடைசி மருமகளுக்குப் பிறந்தது, மூன்று மாசம். தொட்டிலுக்கு மேலே ஒரு காமிரா வைத்திருக்கிறார்கள். மருமகள் சமையலறையில் நின்றுகொண்டே போனில் பிள்ளையைப் பார்க்கிறாள். பெரியவனின் மகள், ஒன்பது வயசு, லீவு என்பதால் தொட்டிலையே சுற்றிச் சுற்றி வருகிறாள். "தூக்காதே, தூக்காதே" என்று வீட்டில் எல்லாரும் அவளைப் பார்த்துக் கத்துகிறார்கள். அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் நான் எழுந்துபோய்த் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

எனக்கும் அப்போது ஒன்பது வயசு.

மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரே வீட்டில் ஐந்து குடித்தனம், ஒரு குழாய், ஒரு கிணறு. வாசல் பக்கம் வீட்டுக்கார மாமி. மாமா கோர்ட்டில் குமாஸ்தா, பிள்ளை கிடையாது. பின்கட்டில் கடைசி அறை எங்களுக்கு. நைனா, அதாவது அப்பா, அச்சாபீசில் மிஷின் ஓட்டுகிறவர். அம்மா ஆழ்வார்பேட்டையில் ஒரு பெரிய வீட்டில் பாத்திரமும் துணியும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு லீவு கொடுத்திருந்தார்கள், லீவு என்றால் நம் காலத்து லீவு. 'இங்கிலீஷ் வருஷம் பொறந்ததும் வந்துடணும், இல்லன்னா வேற ஆள் வச்சிப்போம்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்கு ஒத்தாசைக்கு நைனாவின் அக்கா வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். அத்தையும் வருஷம் பிறந்ததும் போய்விடுவாள். அப்புறம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? அந்த டிசம்பர் முழுக்க எங்கள் அறையில் சாப்பாடு போடும்போதும், படுக்கை விரிக்கும்போதும் இதுதான் பேச்சு. பதில் ஒருத்தருக்கும் கிடைக்கவில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒன்று பிறந்து இரண்டாம் மாசம் போய்விட்டது. அதுவும் மார்கழி. தலைக்கு ஊற்றினார்கள், சளி கட்டிக்கொண்டது, மூன்று நாள். அதனால் தம்பி தும்மினால் எங்கள் அறையில் மூன்று பேருக்கு மூச்சு நிற்கும். இருமினால் அம்மா சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

ஜன்னலில் சாக்கு அடைத்திருந்தது. அறைக்குள் எப்போதும் சாம்பிராணிப் புகை, வசம்பு சுட்ட வாசனை, ஈரத் துணி வாசனை. தம்பி உத்தரத்தில் கட்டின தூளியில் கிடப்பான். அம்மாவின் பழைய நீலப் புடவை அது. தூளியின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு கட்டை. அந்தக் கட்டையில் யாரோ எந்தக் காலத்திலோ பச்சைக்கிளி வரைந்திருந்தார்கள். கிளியின் மூக்கு மட்டும் மிச்சமிருந்தது. அந்தக் கட்டை பிறகு என்ன ஆனதோ, பல தடவை தேடிவிட்டேன்.

தூளியை ஆட்டுவது என் வேலை. அதற்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. அத்தை முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"தூளிய ஆட்டு, அத்தோட நிறுத்திக்கோ. கழுத்து நிக்காத புள்ள. நீ பாட்டுக்குத் தூக்கி, உரம் கிரம் வுழுந்துச்சி, கைய ஒடிச்சி அடுப்புல வச்சிருவேன்."

உரம் என்றால் நம் ஆட்களுக்குத் தெரியும். கழுத்து நிற்காத பிள்ளையைத் தலைக்குக் கை கொடுக்காமல் தூக்கினால் உள்ளே நரம்பு பிசகிவிடும், பிள்ளை ஓயாமல் அழும், பால் குடிக்காது என்று சொல்வார்கள். அதை எடுப்பதற்கென்று ஆள் இருந்தார்கள். இப்போது டாக்டர்கள் அப்படி ஒன்றே கிடையாது, பிள்ளையை உருட்டாதீர்கள் என்கிறார்கள். அன்றைக்கு அதை எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மாமி தினமும் பதினோரு மணிக்குச் சமையலை முடித்துவிட்டுப் பின்கட்டுக்கு வருவாள். தம்பியைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சுவாள். கொஞ்சிவிட்டுப் போய் மறுபடி குளித்துவிட்டுத்தான் தன் சமையலறைக்குள் நுழைவாள். கிணற்றில் வாளி விழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை.

ஒரு நாள் மாமி கையில் ஒரு பொட்டலம்.

"ஆத்துல மாமாவோட பழைய ஸ்வெட்டர் ஒண்ணு கெடந்துது. பிரிச்சு, ரெண்டு நாளா பின்னிண்டிருந்தேன். குழந்தை கால் சில்லுனு இருக்கே, போட்டு விடேன்."

சிவப்புக் கம்பளி சாக்ஸ். பாச்சை உருண்டை வாசனை. என் கட்டை விரல் அளவுக்குக் குட்டியாக, மேலே ஒரு குஞ்சம். அந்த மாதிரி அழகான பொருள் எங்கள் அறைக்குள் அதற்கு முன்னால் வந்ததில்லை. அம்மா அதைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அத்தைக்கும் பிடித்துவிட்டது. "பனி காலு வழியாத்தான் ஏறும். இத்தக் கழட்டக் கூடாது, ஆமா" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் தம்பி நான்கு தடவை தும்மினான். எண்ணினது நான்தான். அத்தை அன்றையிலிருந்து குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டாள். ஈரத்துணி வைத்து முகத்தையும் இடுப்பையும் துடைப்பதோடு சரி. கால் பக்கம் யாரும் போகவில்லை. சாக்ஸ் அவன் மூத்திரத்தில் நனைந்தது, தானாகக் காய்ந்தது, மறுபடி நனைந்தது. கம்பளி அப்படி நனைந்து காய்ந்தால் இறுகும். இன்றைக்கு என் கடையில் நேற்று சேர்ந்த பெண்ணுக்குக்கூட இது தெரியும். அன்றைக்கு அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

கிறிஸ்துமஸ் அன்றைக்குக் காலை. அம்மா குழாயடியில் இருந்தாள். அத்தை கடைக்குப் போயிருந்தாள். தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். தம்பி வீல் என்று கத்தினான். பசிக்கு அழுகிற அழுகை எனக்குத் தெரியும், அது ஆரம்பத்தில் முனகலாக வந்து பிறகு ஏறும். இது எடுத்தவுடனே உச்சியில் இருந்தது. வேகமாக ஆட்டினேன். பாட்டுப் பாடினேன். கிலுகிலுப்பையை ஆட்டினேன். முகம் செக்கச் செவேல் என்று ஆகி, வாய் திறந்தபடி சத்தமே வராமல் மூச்சடைத்தான்.

நான் தூக்கிவிட்டேன்.

இரண்டு அக்குளுக்கும் கீழே கையைக் கொடுத்து, தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிற மாதிரி. தலை பின்னால் தொப்பென்று சாய்ந்தது. அந்தக் கழுத்து வளைந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பயந்துபோய்த் திரும்பத் தூளிக்குள் போட்டுவிட்டேன். போட்டேன் என்றால் போட்டேன்தான், படுக்க வைக்கவில்லை.

அம்மா ஓடி வந்தாள். "இன்னாடி ஆச்சு?"

"தெரியலம்மா. தூங்கிகினு இருந்தான், திடீர்னு கத்தறான்."

அவன் அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

பிள்ளைகளே இல்லாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குப் புரியாது. ஒரு சின்ன அறையில், ஜன்னலை அடைத்துக்கொண்டு, ஒரு பிள்ளை விடாமல் அழுதால் பெரியவர்களுக்குப் புத்தி ஒரு நிலையில் நிற்காது. முதலில் வயிறு என்றார்கள். ஓம வாட்டர் கொடுத்தார்கள், வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் காட்டித் தொப்புளில் போட்டார்கள். பிறகு திருஷ்டி என்றார்கள். மிளகாய், உப்பு, தெருமண் எல்லாம் சுற்றி அடுப்பில் போட்டதில் நாங்கள்தான் இருமினோம். பாலாடையில் பால் புகட்டினால் வழிந்து கழுத்தில் ஓடியது. சாயங்காலம் அத்தை தம்பியின் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உரம் வுழுந்துகீது. யாரு தூக்குனது?"

நான் கிளிக்கட்டையின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, நானும் நீங்களும்தானே தூக்கறோம்" என்றாள் அம்மா.

"நேத்து அந்த மாமி தூக்கல?"

"அவங்க தெனமும்தானே..."

"தெனமும் தூக்குனா தூக்கத் தெரிஞ்சதா ஆயிடுமா? பெத்திருந்தாத்தானே பக்குவம் தெரியும்? தொட்டா போயிக் குளிக்கிற கைக்கு நம்ம புள்ள எதுக்கும்மே?"

வேண்டுமென்றேதான் உரக்கச் சொன்னாள். நடுமுற்றத்தைத் தாண்டி வாசல் கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டது. மாமி வீட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. மறுநாள் பதினோரு மணிக்கு மாமி வரவில்லை. அம்மா வாசலைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அத்தை சொன்ன அடுப்பு எதிரே எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது வயசில் அது வெறும் பேச்சு என்று எப்படித் தெரியும்? அதைவிட அம்மாவின் முகம். செத்துப்போன பிள்ளையின் பேரை அவள் அந்த ராத்திரி இரண்டு தடவை சொல்லிவிட்டாள், தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி நினைத்துக்கொண்டு.

மறுநாள் உரம் எடுக்க ஆள் வந்தது. எங்கள் பக்கம் மீன் கொண்டுவருகிற அம்மாதான். இரட்டைப் பிள்ளை பெற்றவள், அதனால் கைராசி என்று பேர். கூடையை வெளியே இறக்கிவிட்டுக் கையைச் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். தம்பியைப் பழம்புடவையில் போட்டு ஒரு முனையை அவள் பிடித்தாள், இன்னொரு முனையை அத்தை. இந்தப் பக்கம் ஒரு உருட்டு, அந்தப் பக்கம் ஒரு உருட்டு. அவன் கத்தின கத்தலில் மீன்காரம்மாவே மூன்றாவது உருட்டில் நிறுத்திவிட்டாள்.

"இது உரம் மாதிரி தெரியலயே நைனா" என்றாள், நைனாவைப் பார்த்து. "உரம்னா ஒரு உருட்டுக்குக் கொஞ்சம் அடங்கும். இவன் ஏறிகினே போறான். டாக்டராண்ட தூக்கினு ஓடு."

"டாக்டரு ஊசி போடுவாரு. சளி புள்ளைக்கு ஊசி தாங்குமா?" என்றாள் அத்தை.

"இன்னா தாங்குமா தாங்காதான்ற? போன தபா டாக்டராண்ட போகாமத்தான் வுட்டோம், அக்கா!"

நைனா அத்தையை எதிர்த்துப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன். பேசிவிட்டு உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ரிக்‌ஷா பிடிக்க ஓடினார். அத்தை அழுதுகொண்டே, கோயிலில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிய அடுத்த வீட்டுக்கு மஞ்சள் கேட்கப் போனாள். அம்மா முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். போகும்போது, "பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

தம்பி பாயில் கிடந்தான். சத்தம் தீர்ந்துபோய் ஆட்டுக்குட்டி மாதிரி ஈனமாகக் கரகரத்தான். மத்தியானம். ஜன்னல் சாக்கின் ஓட்டை வழியாக ஒரு வெயில் காசு அவன் வயிற்றின் மேல் விழுந்து ஏறி இறங்கியது.

இனிமேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், திரும்பிக் கொண்டுவர மாட்டார்கள் என்று நினைத்தேன். முன்னதையும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள், வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். நான் கழுத்தை ஒடித்துவிட்டேன். அவனிடம் மன்னிப்புக் கேட்காமல் அனுப்பக் கூடாது.

மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின தீபாவளிக்கு நைனா அத்தையிடம் கேட்டார். இரண்டு பேரும் ஏதோ சண்டையில் ஆறு மாசம் பேசவில்லை. தீபாவளி அன்றைக்கு அத்தை வாசலில் வந்து நின்றதும் நைனா சட்டென்று அவள் காலில் விழுந்தார். அத்தை ஒரு அடி பின்னால் போய், காலிலிருந்த செருப்பை உதறிவிட்டு, "செருப்பத் தொட்டா செருப்புக்குத்தாண்டா போவும்" என்று சொல்லி வெறுங்காலைக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அதைச் சட்டமாக மனசில் எழுதி வைத்துக்கொண்டேன்.

சாக்ஸின் மேல் விழுந்தால் சாக்ஸுக்குத்தான் போகும்.

அத்தை கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தாள். ஒரு குற்றம் செய்தாயிற்று, இரண்டாவது குற்றத்துக்கு என்ன பயம். இடது காலைக் கழற்றினேன், சுலபமாக வந்தது. வலது கால் வரவில்லை. இழுத்தேன். தம்பி அந்த ஈனக் குரலிலிருந்து பழைய உச்சிக்குப் போனான். கையை எடுத்தேன், நிறுத்தினான். தொட்டேன், கத்தினான். அப்போதுதான் ஏதோ பொறி தட்டியது. சாக்ஸின் வாயை மடித்து மடித்துச் சுருட்டிக்கொண்டே போனேன், வெங்காயம் உரிக்கிற மாதிரி.

கட்டை விரலுக்கு அடுத்த விரல் நாவல்பழம் மாதிரி இருந்தது. நிறமும் அதுதான், உப்பலும் அதுதான். அடியில் ஒரு கோடு. சாக்ஸின் உள்ளே வெட்டாமல் விட்ட ஒரு கம்பளி இழை விரலைச் சுற்றிக்கொண்டு, சதைக்குள் புதைந்து, எங்கே நூல் எங்கே தோல் என்று தெரியாமல் கிடந்தது.

நான் கத்தின கத்தலுக்கு ஐந்து குடித்தனமும் வந்துவிட்டது.

அம்மா பல்லால் கடித்து அறுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அத்தை ஊசியைக் கொண்டுவந்தாள், நூலுக்கும் தோலுக்கும் நடுவில் அது நுழையவில்லை. நான் முற்றத்தைத் தாண்டி ஓடி வாசல் கட்டுக் கதவைத் தட்டினேன். "மாமி! கத்திரி! சின்னக் கத்திரி!"

மாமி உடனே கதவைத் திறந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூவேலை செய்கிற குட்டிக் கத்திரியை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் அறைத் தரையில், எல்லாரும் மிதித்த தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்து தம்பியின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜன்னல் சாக்கை எடுங்கோ. வெளிச்சம் வேணும்."

அத்தைதான் எழுந்து போய்ச் சாக்கைப் பிடுங்கிப் போட்டாள். மூன்று வாரமாக அந்த அறைக்குள் வராத வெயில் மொத்தமாக உள்ளே விழுந்தது. மாமி மூச்சை அடக்கிக்கொண்டு கத்திரியின் நுனியைக் கோட்டுக்குள் செலுத்தினாள். ஒரு சொட்டு ரத்தம். டக் என்று ஒரு சின்னச் சத்தம், அது நிஜமாகக் கேட்டதா நான் நினைத்துக்கொண்டதா தெரியாது. தம்பி ஒரு நீளமான அழுகை அழுதான். பிறகு விக்கினான். பிறகு இரண்டு நாளில் முதல் தடவையாக வாயை மூடினான்.

கத்திரி நுனியில் சிவப்பாக ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. மாமி அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என் ஸ்வெட்டர்தான்" என்றாள்.

மாமி இரண்டு சாக்ஸையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனாள். அன்றைக்குக் கிணற்றில் வாளிச் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கையில் பின்னுகிற ஊசியை நான் பார்த்ததே இல்லை.

உரம் விழவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் தூக்கத் தெரியாத கை என்று சொன்னதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு பழி போவதற்குள் இன்னொரு பழி அவள் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. என் மேல் எதுவும் வந்து உட்காரவில்லை. எனக்குக் கிடைத்தது வேறு.

ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டிவிட்டு டாக்டர் கேட்டார்: "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா விரல் போயிருக்கும். யார் பார்த்தது?"

அம்மா என்னை முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள்.

"என் பொண்ணு சார்."

அந்தக் குரலில் அம்மா அதற்கு முன்னால் என்னைப் பற்றிப் பேசியதில்லை. ரிக்‌ஷாவில் திரும்பும்போது தம்பியை என் மடியில் கொடுத்தாள். தலைக்கு எப்படிக் கை கொடுப்பது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்கே தெரிந்திருந்தது. அத்தை அன்றைக்கு என் நெற்றியில் திருநீறு பூசி, "பெரியவங்க நாலு பேரு கண்ணும் பொட்ட. இவ கண்ணுதான் கண்ணு. இவகிட்ட இருந்தா புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். நைனா எனக்கு மட்டும் ஒரு பன் பட்டர் ஜாம் வாங்கிவந்தார்.

மாசம் முழுக்க யாருக்கும் கிடைக்காத பதில் இப்படிக் கிடைத்தது.

இங்கிலீஷ் வருஷம் பிறந்தது. அத்தை ஊருக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குக் காலையில் நான் தலை வாரிப் பின்னிக்கொண்டு, பையில் சிலேட்டை வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா ஆழ்வார்பேட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த பையை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"கழுத்து நிக்கிற வரைக்கும்தாண்டி. ஒரு மாசம். வேற யாரையும் நம்பி என்னால வுட்டுட்டுப் போவ முடியாது. உன்னத்தான் நம்பறேன்."

அன்றைக்கும் அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான்தான்மா தூக்கினேன், தலை தொங்கிப் போச்சு, தூளியில போட்டுட்டேன். ஒரு மூச்சில் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும், என்னை நம்பிப் பிள்ளையை விட்டிருக்க மாட்டாள், பை ஆணியிலிருந்து இறங்கியிருக்கும். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கெட்டிக்காரி என்று என்னை யாரும் அதுவரை சொன்னதில்லை. அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. தூளியை ஆட்டினேன். அடுத்த தெருவில் பள்ளிக்கூட மணி அடித்தது. மூன்றாவது மணியும் அடித்தது.

கழுத்து நின்றது. குப்புற விழுந்தான், தவழ்ந்தான், நடந்தான். அதற்குள் பள்ளிக்கூடத்தில் என் பேரை அடித்துவிட்டார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தேன், பொத்தான் வைத்தேன், மிஷினில் உட்கார்ந்தேன். மீதியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே, மூன்று மாடி. தம்பியை இன்ஜினீயருக்குப் படிக்க வைத்ததும் அந்த மிஷின்தான். வருத்தப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். வருத்தப்பட எனக்கு நேரம் இருந்ததில்லை.

இவ்வளவு வயசானபிறகு ஒன்று மட்டும் புரிகிறது. நான் தூக்கியதனால் அவன் அழவில்லை. அவன் அழுததனால்தான் நான் தூக்கினேன். இந்த முன்பின் எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் சொல்ல பயமே இருந்திருக்காது. அத்தை போய்விட்டாள், மாமி போய்விட்டாள், அம்மாவும் போய்விட்டாள். மாமியிடம் சொல்லியிருக்க வேண்டும். அது மட்டும் உறுத்துகிறது.

தம்பி போன வாரம் அமெரிக்காவிலிருந்து வந்தான், புதுக் குழந்தையைப் பார்க்க. ரிடையர் ஆகிவிட்டான், சர்க்கரை வேறு. காலில் காயம் படக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயும் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறான். பால்கனியில் நாற்காலியைப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பெரியவனின் மகளைப் பார்த்து, "தூக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று யாரோ கத்தினார்கள்.

"டேய்" என்றேன். "சின்ன வயசுல உன்ன நான் தூக்கிட்டேன்டா. அந்த சாக்ஸ் சமாச்சாரம் நடந்துச்சே, அதுக்கு முன்னால. கழுத்து நிக்காதப்போ. உன் தல தொங்கிப் போச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல."

அவன் கழுத்தை இடது பக்கம் திருப்பினான், வலது பக்கம் திருப்பினான், மேலே பார்த்தான், கீழே பார்த்தான்.

"நல்லாத்தான் கீதுக்கா. கம்ப்ளெய்ன்ட் ஒண்ணும் இல்ல."

சிரித்தோம். அவன் முதலில் நிறுத்தினான். படித்தவன் இல்லையா, கணக்கு அவனுக்குச் சீக்கிரம் வரும்.

"அப்ப நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, உன் ஸ்கூலு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிவந்துவிட்டது.

"காலக் கொண்டா" என்றேன்.

"இன்னாக்கா?"

"கொண்டாடா."

நீட்டினான். சாக்ஸைக் கழற்றினேன். கட்டை விரலுக்கு அடுத்த விரலில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, மெல்லிசாக, மோதிரம் கழற்றின தடம் மாதிரி. அதை ஒரு தடவை தொட்டேன். பிறகு சாக்ஸை உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, விரலை விட்டு நுனி வரைக்கும் தடவிப் பார்த்தேன். பிசிறு இல்லை. திரும்ப மாட்டிவிட்டேன்.